இருக்கும் இடத்துக்கே வரும் எச்சரிக்கை

2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஆழிப்பேரலை எமது கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் சென்றது. அந்நேரத்துள் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. 30,000க்கும் மேற்பட்டோரை இழந்தோம்.

இன்று பெரும்பாலான வீடுகளில் கைத்தொலைபேசி உண்டு. ஆனால் குறுஞ்செய்தி கடிதம் போன்றது. இலக்கம் தெரிந்தவருக்கே போகும். ஊர்ப் பதிவை வைத்து அனுப்பினால், இடம்பெயர்ந்தவருக்கு விட்டுவந்த ஊரின் செய்தியே வரும். தங்கியிருக்கும் இடத்து வெள்ளம் தெரியவராது.

'செல் புரோட்காஸ்ட்' என்னும் முறை ஒலிபெருக்கி போன்றது. தொலைபேசிக் கோபுரம் தன் எல்லைக்குள் உள்ள கைத்தொலைபேசிகளுக்கு ஒரே தடவையில் அறிவிக்கும். பெயரோ, இலக்கமோ, பதிவோ வேண்டியதில்லை. எல்லோரும் ஒரேநேரத்தில் பேச முயன்று இணைப்புக் கிடைக்காத வேளையிலும் அது சென்றடையும். குளம் உடைக்கும் அபாயமெனில், அதன் கீழ்ப்புறக் கோபுரங்களுக்கு மாத்திரம் அனுப்பலாம். நேற்று வந்து கொட்டில் போட்ட குடும்பத்துக்கும் கிடைக்கும். யப்பானில் 2007 முதல் நிலநடுக்க எச்சரிக்கை இவ்வாறு அனுப்பப்படுகிறது.

குறைகளும் உண்டு. நிறுத்திவைத்த தொலைபேசிக்கும் அலை எட்டாத இடத்துக்கும் அது வராது. விளங்காத மொழியில் வந்தாலும் பயனில்லை.

ஆகவே மாரி தொடங்குமுன் கிராம அலுவலரிடம் கேளுங்கள்: இப்பகுதிக்கு எச்சரிக்கை எவ்வழியால் வரும்? தமிழில் வருமா? மழைநாட்களில் இரவிலும் தொலைபேசியை நிறுத்தாதீர்கள். செய்தி வந்தால், தொலைபேசி இல்லாத அயலவரையும் தட்டி எழுப்புங்கள்.