தோளில் ஒரு கை!

சென்னையிலிருந்து ஜோலார்பேட்டைப் பக்கம் போகும் ரயிலில் ஏறியிருக்கிறீர்களா? காட்பாடி தாண்டினதும் வண்டிக்குள் இரண்டு கட்சி உண்டாகிவிடும். "ஆம்பூர் எப்போ வரும்?" என்று சப்புக்கொட்டுகிறவர்கள் ஒரு கட்சி. கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்கிறவர்கள் இன்னொரு கட்சி. முதல் கட்சிக்குக் காரணம் பிரியாணி. இரண்டாவது கட்சிக்குக் காரணம் தோல்!

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பக்கத்து ஊர்கள் பலவற்றில் தோல்தான் சோறு போடுகிறது. இங்கே பதனிட்ட தோலும் இங்கே தைத்த பூட்ஸும் கடல் கடந்து போகின்றன. அனுபவப்பட்ட தொழிலாளி ஒருவரிடம் ஓர் ஆட்டுத் தோலைக் கொடுத்துப் பாருங்கள். விரித்துப் பிடித்து ஒரு தடவு தடவிவிட்டு, 'இது உண்ணி கடித்த வடு, இது முள் கிழித்தது, இது உரிக்கும்போது கத்தி பட்டது' என்று ஜாதகம் கணிப்பதுபோல் சொல்லிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர், தம்முடைய கையிலேயே வெளிறிய படை ஒன்றைக் கண்டால் என்ன செய்வார்? அதில் அரிப்பு இல்லை, வலி இல்லை, தொட்டால் தொட்டது தெரியவில்லை. உடனே டாக்டரிடம் ஓடுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அநேகமாக ஓடமாட்டார். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொள்வார்! "தேமல்தான்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வார். மனைவியிடம்கூட மூச்சு விடமாட்டார்.

தோல் தொழிலாளி என்று இல்லை. வக்கீலானாலும் வாத்தியாரானாலும் இதே கதைதான். தோல் பதனிடும் தொழிலுக்கும் இந்த நோய்க்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சட்டைக் கைக்குள் ஒளிந்திருக்கும் அந்த ரகசியத்தின் பெயர், தொழுநோய்.

ஏன் மறைத்தார்கள்?

மறைத்தவர்களைக் கோழைகள் என்று சொல்லிவிட முடியாது. நாலு பேருக்குத் தெரிந்தால் உத்தியோகம் போகும். தங்கையின் கல்யாணம் நின்றுபோகும். வீட்டுத் திண்ணையில் ஒரு தனித் தட்டும் தனிப் பாயும் விழும். சட்டமும் சேர்ந்து மிரட்டியது. நோய் கண்ட ஏழைகளைப் பிடித்து விடுதியில் அடைப்பதற்கும், சில தொழில்களை அவர்கள் செய்யாமல் தடுப்பதற்கும் 1898-ல் வெள்ளைக்கார சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. சுதந்திரம் வந்தும் அது செத்தொழியவில்லை, 2016-ல்தான் ரத்தாயிற்று. கணவனுக்கோ மனைவிக்கோ இந்த நோய் இருந்தால் அதையே காரணமாகக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதி 2019 வரை நீடித்தது.

போதாக்குறைக்குப் பாவம், சாபம் என்ற பேச்சு வேறு. நார்வே நாட்டு டாக்டர் ஆன்சன் இந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்தது 1873-ல். ஆனால் 1954-ல் வெளிவந்த 'ரத்தக் கண்ணீர்' படத்தை நினைத்துப் பாருங்கள். தறிகெட்டுத் திரிந்த பணக்காரனுக்குத் தண்டனையாக வந்து சேருவது எது? இதே வியாதிதான்! எம்.ஆர்.ராதாவின் நடிப்புக்கு ஈடு இணை கிடையாது. ஆனால், கொட்டகையின் இருட்டில் தம் கையிலுள்ள படையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த யாரோ ஒரு குற்றமற்ற மனிதர், அன்று என்ன நினைத்துக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்?

பிடி எப்படி இருந்தது?

நல்ல காலமாக, அந்தத் தண்டனைப் பேச்சுக்குப் பதில் சொல்லும் காரியம் இதே வேலூர்ச் சீமையில் அதற்கு முன்பே ஆரம்பமாகியிருந்தது.

1900-ல் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் வைத்தியம் தொடங்கியவர் டாக்டர் ஐடா ஸ்கடர். பிற்பாடு குடியாத்தம் சாலையில் அவருடைய வண்டி மரத்தடிக்கு மரத்தடி நின்று போகும். அங்கே காத்திருக்கும் கூட்டத்தில் தொழுநோயாளிகளும் இருப்பார்கள். அவர் வளர்த்த ஆஸ்பத்திரிக்கு 1946-ல் ஓர் இளம் சர்ஜன் வந்து சேர்ந்தார். பெயர் பால் பிராண்ட். வெள்ளைக்காரர்தான், ஆனால் பிறந்தது நம் கொல்லிமலையில்!

மறு வருஷம், டாக்டர் காக்ரேன் என்ற தொழுநோய் நிபுணர் அவரைச் செங்கற்பட்டுப் பக்கம் திருமணியில் இருந்த விடுதிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு நோயாளி. விரல்கள் கழுகின் நகம்போல் மடங்கிக் கிடந்தன. பிராண்ட் தம் கையை அந்தக் கைக்குள் கொடுத்து, "அழுத்திப் பிடி, பார்க்கலாம்" என்றார். அவன் பிடித்த பிடியில் டாக்டருக்கு உயிரே போய்விட்டது! சூம்பிப் போனது என்று எல்லாரும் கைவிட்ட கைக்குள் அத்தனை பலம். தன் பிடி இன்னொருவருக்கு வலிக்கும் என்பது அவனுக்கே தெரியவில்லை.

அந்த ஒரு பிடியில் பல புதிர்கள் அவிழ்ந்தன. கிருமி தின்றது தசையை அல்ல, நரம்பை. கைத்தலத்துக்குள் இருக்கும் சின்னத் தசைகள் நரம்பிழந்து செயலற்றுப் போகின்றன. முன்னங்கையில் இருக்கும் நல்ல தசைகளோ உயிரோடுதான் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு தசைநாரை எடுத்து விரல்களுக்குத் திருப்பிவிட்டால்? பிராண்ட் அப்படித்தான் ஆபரேஷன் செய்தார். மடங்கின விரல்கள் நிமிர்ந்தன!

விரல்கள் 'அழுகி விழுகின்றன' என்பதும் பொய்யாயிற்று. வலி தெரியாத கை கொதிக்கும் பாத்திரத்தைப் பிடிக்கிறது, ஆணியில் கிழிகிறது, புண் புரையோடுகிறது. விரலைக் கொண்டுபோவது அந்தக் காயம். தூக்கத்தில் எலி வந்து கடித்தாலும் தெரியாது. அதனால் பிராண்டின் நோயாளிகளுக்கு மருந்தோடு கூட ஆளுக்கொரு பூனையும் கொடுக்கப்பட்டது என்றால் நம்புவீர்களா? நிஜம்தான்!

அழுகைக்குக் காரணம்

ஒரு நாள் பிராண்ட் ஒரு நோயாளியின் தோளில் கை போட்டுக்கொண்டு, செய்யப்போகும் சிகிச்சையை விளக்கிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் விசித்து விசித்து அழ ஆரம்பித்துவிட்டார். டாக்டர் பதறிப்போனார். ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று மொழிபெயர்த்துச் சொன்ன பெண்மணியிடம் விசாரித்தார். கிடைத்த பதில்: அவர் அழுவது டாக்டரின் கை தோளில் பட்டதற்காக. பல வருஷங்களாக அவரை யாரும் தொட்டதே இல்லையாம்.

நேயர்களே, இந்த நோயில் மரத்துப்போவது தோல் மட்டுமா, சொல்லுங்கள்?

நிமிர்ந்த விரல்களோடு ஊருக்குப் போனவர்கள் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். கை சரியாகிவிட்டது, ஆனால் வேலை கொடுக்க ஆள் இல்லை. இன்னும் வேடிக்கை, கை நன்றாகிவிட்டதால் பிச்சைகூடச் சரியாக விழவில்லை! ஆபரேஷன் மட்டும் போதாது என்று பிராண்டுக்குப் புரிந்தது. 1950-களின் தொடக்கத்தில் வேலூர்க் கல்லூரி வளாகத்தில் சில எளிய குடிசைகள் எழும்பின. 'நவஜீவ நிலையம்' என்று பெயர். இளைஞர்கள் அங்கே சேர்ந்து வசித்தார்கள். தச்சு வேலை கற்றார்கள். மரப் பொம்மைகள் செய்தார்கள்.

மறைக்க வேண்டிய ரகசியம் எதுவும் அங்கே இல்லை என்பதுதான் முக்கியமான சங்கதி. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். புதுக் காயம் யாருக்காவது இருக்கிறதா என்று கைகளைச் சோதிப்பார்கள். இருந்தால், இது எப்போது வந்தது, சுத்தியலாலா, சூட்டாலா என்று துப்பறிவார்கள். ஒருவனுக்குத் தெரியாத வலியை இன்னொருவனின் கண் பார்த்துச் சொல்லும். சிநேகிதம் என்பதற்கு இதைவிட நல்ல அர்த்தம் அகராதியில் கிடைக்குமா?

முகம் காட்டிக்கொடுக்கிறதே என்று வருந்தியவர்களுக்கும் வழி பிறந்தது. இந்த நோயில் புருவ மயிர் உதிர்ந்துவிடும். தலையில் முடியுள்ள தோலைக் கொண்டுவந்து புருவத்தில் பொருத்தினார்கள். அது தலைமுடியல்லவா, வளர்ந்துகொண்டே போகும்! புதுப் புருவத்தைக் கத்தரிக்க மனமில்லாமல் நீள வளர்த்துக்கொண்டு பெருமையோடு உலாவியவர்களும் இருந்தார்களாம்.

டாக்டரின் ஒரு ராத்திரி

'வெட்கப்படாதே' என்று பிறருக்குச் சொல்வது சுலபம். அது தம்மீதே வந்தால்? பிராண்டுக்கே அந்தச் சோதனை வந்தது.

1950-களில் ஒரு சமயம் அமெரிக்கச் சுற்றுப்பயணம் முடித்து, உடம்பு சரியில்லாமல் இங்கிலாந்து வந்து இறங்கினார். நெடுநேர ரயில் பிரயாணம். லண்டனில் அறைக்கு வந்து காலுறையைக் கழற்றினால், குதிகாலில் உணர்ச்சி இல்லை! ஊசியால் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. ஆயிரக்கணக்கான நோயாளிகளைத் தொட்டவர் அல்லவா? அவர் மனம் எங்கெங்கோ ஓடியது. குடும்பத்தை விட்டுப் பிரிய வேண்டுமா? குழந்தைகளுக்கு என்ன ஆகும்? யாரிடமும் சொல்லாமல் அந்த ராத்திரி முழுவதும் தனியே கழித்தார்.

விடிந்ததும் மறுபடி ஊசியை எடுத்துக் குத்தினார். 'ஆ!' என்று அலறிவிட்டார். வலித்தது! ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்திருந்ததால் நரம்பு அழுந்தி மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு வலித்ததுபோல் இனிமையான வலி உலகத்தில் வேறு இல்லை என்று பட்டது அவருக்கு. இதைப் பிற்காலத்தில் அவரே சொன்னார். இந்த வியாதியைக் கரைத்துக் குடித்த டாக்டருக்கே ஒரு ராத்திரி இப்படி என்றால், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு எத்தனை ராத்திரிகள்!

காலைக் காட்டிக்கொடுத்த செருப்பு

1955-ல் காட்பாடிப் பக்கம் கரிகிரியில் தொழுநோய்க்கென்றே ஓர் ஆராய்ச்சி ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. கரி என்றால் யானை, கிரி என்றால் மலை. 1954-ல் மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோன டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். நோயாளிக்கு அதைவிடப் பெரிய தைரியம் யார் சொல்ல முடியும்?

உணர்ச்சியில்லாத பாதத்துக்காக நுண்ணறை ரப்பர் வைத்த மெத்தென்ற செருப்பும் இந்த வட்டாரத்தில் உருவாயிற்று. பாதத்தில் புண் வராமல் காக்கும். ஆனால் பலர் அதைப் போட்டுக்கொள்ள மறுத்தார்கள். ஏன் தெரியுமா? 'இந்தச் செருப்பா? அப்படியானால் இந்த ஆள்...' என்று தெருவில் பேசுவார்களே! காலைக் காக்க வந்த செருப்பு ரகசியத்தைக் காட்டிக்கொடுத்தது. கடைச் செருப்புபோலவே தோற்றம் கொடுத்துத் தைக்க வேண்டியிருந்தது. இப்போது சர்க்கரை வியாதிக்காரர்களும் அதே ரப்பர்ச் செருப்பைப் போடுகிறார்கள். எல்லாரும் போட்டால் ரகசியம் ஏது?

நீங்கள் செய்யக்கூடியது

இன்றைக்கு நிலைமை என்ன? 1981-ல் உலக சுகாதார ஸ்தாபனம் சிபாரிசு செய்த கூட்டு மருந்தால் இந்த நோய் முழுக்கக் குணமாகிறது. சிலருக்கு 6 மாதம், சிலருக்கு 12 மாதம், அவ்வளவே. சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையங்களில் காசு வாங்காமல் கொடுக்கிறார்கள். மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடுகிறது. கை குலுக்கினால் ஒட்டாது, பரம்பரையாக வராது. பெரும்பாலோருக்கு உடம்பிலேயே இதை எதிர்க்கும் சக்தி உண்டு. ஆனாலும் உலகத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் பேர்!

மருந்து கிருமியைக் கொல்லும். செத்துப்போன நரம்பை எழுப்பாது. அதனால் மறைத்த காலமெல்லாம் நஷ்டக் கணக்கு. ஒரு வருஷம் முந்திச் சொல்லியிருந்தால் நேராகவே இருந்திருக்கும் விரல், ஒரு வருஷம் பிந்தினதால் மடங்கிப்போகும்.

ஆகவே என்றைக்காவது உங்கள் சிநேகிதரோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ, கூட வேலை செய்கிறவரோ, தயங்கித் தயங்கிச் சட்டைக் கையை மேலே தூக்கி, "இது என்னன்னு பாரேன்" என்று கேட்டால், ஓர் அடி பின்னால் போகாதீர்கள். அவர் அந்தக் கேள்விக்காக எத்தனை மாதம் தைரியம் சேர்த்தாரோ! உங்கள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார். "வா, நானும் கூட வருகிறேன்" என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அவர் ரகசியத்தை ஊருக்குச் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. அதை அவர் தனியாகச் சுமக்காமல் பார்த்துக்கொள்ளும் கடமை உண்டு. மருந்து முடியும் வரை மாதா மாதம் ஞாபகப்படுத்துங்கள். பண்டிகை வந்தால் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போடுங்கள்.

இதற்கு டாக்டர் பட்டம் வேண்டியதில்லை. அன்று அந்த நோயாளியின் தோளில் விழுந்ததே, அதுபோல ஒரு கை இருந்தால் போதும். அது உங்களுக்கும் எனக்கும் இருக்கிறது.