நெற்றி விளக்கு: வெள்ளையா, மஞ்சளா?



விடியற்காலை இருட்டில் தீம்பாரில் இறங்குகிற பால்வெட்டுத் தொழிலாளிக்கு இரண்டு கண்கள் போதா. நெற்றியில் கட்டிய விளக்குதான் அவருக்கு மூன்றாவது கண். அந்தக் கண்ணைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

அண்மையில் கெடா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போயிருந்தோம். பெரட்டு முடிந்து எல்லாரும் கலைந்துகொண்டிருந்த நேரத்தில் ஓர் அக்காள் நம்மிடம் வந்தார். முப்பது வருஷமாகக் கத்தி பிடித்த கை அவருடையது.

"தம்பி, புது லைட்டு வாங்கினேன். பட்டப் பகல் மாதிரி அடிக்குது. ஆனா பட்டை எது, வெட்டு எதுன்னு கண்ணுக்குப் பிடிபட மாட்டேங்குது. ஒரே வாரத்துல ரெண்டு மரத்துல காயம் விழுந்திடுச்சு. மண்டோர் எழுதிக்கிட்டுப் போயிட்டாரு" என்றார்.

வயசாகிவிட்டது, கண் மங்கிவிட்டது என்பது நிருவாகத்தின் பதில். கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளும்படி நாமும் சொன்னோம். ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. அவருடைய பழைய விளக்கையும் புதிய விளக்கையும் வாங்கிக்கொண்டு மரத்தடியில் நின்று பார்த்தோம். அவர் சொன்னது சரிதான். புது விளக்கில் பட்டை முழுவதும் சாம்பல் பூசினாற்போல் இருந்தது. வழிகிற பால் மட்டும் கண்ணாடி மாதிரி கண்ணைக் கூசியது.

ஏன் இப்படி? நம் அப்பாமார் கார்பைட் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டினார்கள். பிறகு குண்டு பல்பு டார்ச்லைட் வந்தது. அதற்குள் இருக்கும் டங்ஸ்டன் கம்பி சூடேறி எரிவதால் அதன் ஒளியில் சிவப்பு முதல் நீலம் வரை எல்லா நிறமும் தொடர்ச்சியாக இருக்கும். சிவப்பும் மஞ்சளும் தூக்கலாக இருக்கும். மரம் மரமாகவே தெரியும். ஆனால் பேட்டரியின் சக்தியில் பெரும்பகுதி வெறும் சூடாகப் போய்விடும். ஒரு வாட்டுக்குச் சுமார் 10 லூமன் வெளிச்சம்தான் கிடைக்கும். பேட்டரி இறங்க இறங்க விளக்கு செம்மஞ்சளாக மங்கும். கீழே விழுந்தால் கம்பி அறுந்துவிடும்.

இன்றைய எல்.இ.டி. விளக்கோ ஒரு வாட்டுக்கு 100 லூமனுக்கு மேலேயே தரும். பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கிய மூன்று அறிவியலாளர்களுக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீல ஒளியின் மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சு ஒன்றைத் தடவித்தான் வெள்ளை வெளிச்சத்தை உண்டாக்குகிறார்கள். மலிவான குளிர் வெள்ளை விளக்கில் நீலம் அதிகம், சிவப்பு குறைவு. ஒளியில் சிவப்பு இல்லையென்றால் பழுப்பு நிறம் எப்படித் தெரியும்? வெதுவெதுப்பான எல்.இ.டி.யில் சிவப்புக்கான பூச்சையும் சேர்க்கிறார்கள். அதனால் லூமன் கொஞ்சம் குறையும். குறைந்தது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. கூடிய நிறம் தெரியும்.

மற்ற வேலைக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். பால் வெட்டுக்கு அப்படியல்ல. வெயில் ஏறுவதற்கு முன்பு பால் குழாய்களில் அழுத்தம் கூடுதலாக இருப்பதால்தான் இருட்டில் வெட்டுகிறோம். பால் குழாய்கள் நிறைந்திருப்பதோ உட்பட்டையில், காம்பியத்துக்கு அருகில். அந்த உயிர்த்தோலைத் தொடாமல் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். மேலாக வெட்டினால் பால் குறையும், சம்பளமும் குறையும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். இந்த மில்லிமீட்டர் கணக்கைக் கையும் கண்ணும் சேர்ந்துதான் போட வேண்டும்.

உயிர் விஷயமும் இருக்கிறது. மலாய்க்காரர்கள் 'காப்பாக் போடோ' என்று சொல்லும் பழுப்பு நிற விரியன் பாம்பு வடமாநிலத் தோட்டங்களில் அதிகம். ஆள் வந்தாலும் ஓடாது. சருகோடு சருகாகக் கிடக்கும், மிதிபட்டால் கொத்தும். எல்லாவற்றையும் ஒரே சாம்பலாகக் காட்டுகிற விளக்கில் சருகு எது, பாம்பு எது? இன்னொன்றும் சொல்கிறோம். நெற்றி விளக்கு கண்ணுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதன் வெளிச்சத்தில் நிழல் சரியாக விழாது. மேடு பள்ளம் தட்டையாகத் தெரியும். நடக்கும்போது ஒரு டார்ச்லைட்டை இடுப்பு மட்டத்தில் பிடித்துக்கொண்டு போங்கள். நிழல் விழுந்து பாம்பு தனியாகத் தெரியும். பூட்ஸ் போட மறக்க வேண்டாம். அதையும் மீறிக் கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்கும் என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. பனித்துளி எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் திருப்பி அடிக்கும். பனியில் வெளிச்சத்தைக் குறைத்து, விளக்கைத் தாழப் பிடிப்பதுதான் வழி. குளிர் வெள்ளை விளக்கில் மஞ்சள் கண்ணாடித்தாள் ஒட்டுகிறவர்களும் உண்டு. அது நீலத்தைத்தான் குறைக்கும். இல்லாத சிவப்பை எங்கிருந்து கொண்டுவரும்?

கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது? லூமன் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பெட்டியில் கெல்வின் கணக்குப் போட்டிருந்தால் 3000 முதல் 4000 வரை உள்ளதைத் தேடுங்கள். 6000-க்கு மேல் போனால் அது குளிர் வெள்ளை. சி.ஆர்.ஐ. என்பது நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண். குண்டு பல்புக்கு அது 100-ஐ ஒட்டியிருக்கும். 90-க்கு மேல் இருந்தால் நல்ல விளக்கு. மலிவு விளக்கு 70-க்குப் பக்கத்தில் நிற்கும். பெட்டியில் ஒன்றும் எழுதவில்லையா? இருட்டான மூலையில் 10 வெள்ளி நோட்டையும் 20 வெள்ளி நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கை அடியுங்கள். சிவப்பு சிவப்பாகவும் செம்மஞ்சள் செம்மஞ்சளாகவும் தெரிய வேண்டும். உள்ளங்கையைப் பாருங்கள், இரத்த ஓட்டம் தெரியாமல் பிணத்தின் கை மாதிரி வெளுத்திருந்தால் அந்த விளக்கு நமக்கு வேண்டாம்.

கடைசியாக ஒரு கேள்வி. இந்த விளக்கை யார் வாங்க வேண்டும்? கத்தி தொழில் கருவி என்றால் விளக்கும் தொழில் கருவிதான். பாதுகாப்பான வேலைச் சூழலைத் தருவது முதலாளியின் கடமை என்கிறது 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு. அந்தச் சட்டத்தின்படி கொடுப்பவற்றுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்கிறது 26-ஆவது பிரிவு. இருட்டில் வெட்டச் சொல்லிவிட்டு, விளக்கை நீயே வாங்கிக்கொள், காயம் விழுந்தால் உன் தவறு என்று சொல்வது என்ன நியாயம்? ஒவ்வொரு தோட்டத்திலும் பாதுகாப்புக் கூட்டத்தில் இதை எழுத்து மூலம் கேளுங்கள். நம்மோடு நிரையில் நிற்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் சேர்த்தே கேளுங்கள்.

அந்த அக்காளுக்கு வெதுவெதுப்பான விளக்கு ஒன்றை இரவல் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தோம். மறு வாரம் போனில் கூப்பிட்டார். "தம்பி, இப்பத்தான் மரம் மரமா தெரியுது. மண்டோரு பேரு எழுதினது மட்டும் இன்னும் அப்படியே இருக்கு" என்றார்.

அதை அடித்துவிடச் சொல்லி நிருவாகத்துக்கு மனு எழுதியிருக்கிறோம். விட மாட்டோம்.