துரை ஊர் திரும்புகிறார்!

"ரிடையர் ஆனதும் சொந்த ஊருக்கே போய்விட வேண்டும்" என்று சொல்லாத உத்தியோகஸ்தர் யாரையாவது நீங்கள் பார்த்ததுண்டா? ஆனால் பிரிட்டிஷ்காரர்களில் ஒரு பெரிய கூட்டத்தாருக்கு ஆசை நேர்மாறாக இருக்கிறது. ரிடையர் ஆனதும் சொந்த ஊரை விட்டே கிளம்பிவிட வேண்டும்! பனியையும் தூறலையும் உதறிவிட்டு, வெயில் காயும் கடற்கரை ஒன்றில் போய் உட்கார்ந்துவிட வேண்டும்! ஸ்பெயின், பிரான்ஸ், சைப்ரஸ், ஆஸ்திரேலியா, கானடா, தாய்லாந்து என்று உலகமெங்கும் இப்படிப் போய்க் குடியேறிய கிழவர்களும் கிழவிகளும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்.

போகிறவர்களைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. திரும்பி வருகிறவர்களைப் பற்றித்தான் அதிகம் பேச்சில்லை. இருபது முப்பது வருஷம் வெளியே இருந்துவிட்டு, எழுபத்தைந்து வயதில் இரண்டு பெட்டியும் ஒரு மாத்திரை டப்பாவுமாகச் சொந்தத் தேசத்தில் வந்து இறங்குகிறார்களே, அவர்கள் பாடு என்ன? வாருங்கள், கொஞ்சம் விசாரிப்போம்.

இந்தத் 'திரும்பும் படலம்' ஒன்றும் புதிதல்ல. நம் நாட்டில் கலெக்டராகவும் ஜட்ஜாகவும் தேயிலைத் தோட்டத்து மானேஜராகவும் இருந்த துரைமார்கள், இங்கிலாந்தை 'ஹோம்' என்றே சொல்வது வழக்கம். உத்தியோகம் முடிந்ததும் கப்பலேறிச் சென்று செல்டன்ஹாம், போர்ன்மத் முதலிய ஊர்களில் குடியேறுவார்கள். இங்கே பட்லர், தோட்டக்காரன், ஆயா என்று ஒரு பட்டாளமே சூழ வாழ்ந்த துரைசானி அம்மாள், அங்கே தானே அடுப்பு மூட்டித் தானே பாத்திரம் கழுவவேண்டி வந்தது. 1947-க்குப் பிறகு, "எங்கே போவது? இங்கேயே இருந்துவிடுவோம்" என்று தங்கிவிட்டவர்களும் உண்டு. மலையூர் ஒன்றில் அப்படித் தங்கிவிட்ட முதிய ஆங்கிலத் தம்பதியைப் பற்றிப் பால் ஸ்காட் எழுதிய 'ஸ்டேயிங் ஆன்' என்ற நாவலுக்கு 1977-ல் புக்கர் பரிசு கிடைத்தது.

இன்று திரும்புகிறவர்கள் துரைமார்கள் அல்ல. பஸ் ஓட்டியவர்கள், நர்ஸாக இருந்தவர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், சின்னக் கடை வைத்திருந்தவர்கள். ஆகவேதான் அவர்களுடைய கஷ்டம் நமக்குச் சுலபமாகப் புரிகிறது.

எலுமிச்சை மரத்து வீடு

ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 1998-ல் பர்மிங்ஹாமில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, ஸ்பெயின் தேசத்து அலிகாந்தே கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன வெள்ளை வீடு வாங்கினார்கள். வாசலில் ஓர் எலுமிச்சை மரம். டிசம்பர் மாதத்தில் இங்கிலாந்தில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் அஸ்தமித்துவிடும். இங்கேயோ அதே டிசம்பரில் திண்ணையில் உட்கார்ந்து வெயில் காயலாம். சுற்றிலும் ஆங்கிலேயர்கள், ஆங்கிலக் கடை, ஆங்கிலத் தேநீர். ஸ்பானிஷ் பாஷையில் 'வணக்கம்', 'நன்றி' என்ற இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார்கள்.

இருபது வருஷத்துக்கு மேல் ஓடிற்று. ஒருநாள் கிழவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அப்போதுதான் அந்த இரண்டு வார்த்தைகள் போதா என்று தெரிந்தது! ஸ்பெயின் ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் நோயாளியின் பக்கத்தில் சொந்தக்காரர் யாராவது இருந்து கவனித்துக்கொள்வார்கள் என்பது அந்த ஊர் எதிர்பார்ப்பு. கிட்டத்தட்ட நம் ஊரைப் போலத்தான். மகளோ ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறாள். ஆகவே எழுபத்துநாலு வயதுக் கிழவியே நாற்காலியில் உட்கார்ந்து இரவெல்லாம் கண்விழித்தாள்.

சில மாதங்களில் கிழவர் காலமானார். ஸ்பெயினில் சவ அடக்கத்தை ஓரிரு நாளில் முடித்துவிடுவார்கள். இங்கிலாந்தில் வாரக்கணக்கில் ஆவதுண்டு. ஆகையால் மகள் விமானம் பிடித்து வந்து சேர்வதே பெரும்பாடாகிவிடும். அங்கே பல ஊர்களில் மண்ணுக்குள் புதைப்பதில்லை. சுவரில் மாடம் மாடமாகக் கட்டி, அதில் பெட்டியை வைத்து மூடிவிடுகிறார்கள். அந்த மாடத்துக்கும் இத்தனை வருஷம் என்று வாடகை உண்டு!

"அம்மா, நீ தனியாக அங்கே என்ன செய்யப்போகிறாய்? இங்கே வந்துவிடு" என்று டெலிபோனில் அழைக்கிறாள் மகள். "வந்துவிடலாம்தான். உன் அப்பாவை விட்டுவிட்டு எப்படி வருவது?" என்கிறாள் தாய்.

இந்தக் கேள்விக்கு எந்தச் சர்க்கார் ஆபீஸிலும் பாரம் கிடையாது.

நயாகராவின் இரு கரைகள்

திரும்பி வருவதற்குப் பணமும் ஒரு காரணம். ஸ்பெயினில் இருக்கும் பிரிட்டிஷ் பென்ஷன்காரருக்குப் பென்ஷன் பவுனில் வருகிறது. செலவு யூரோவில் ஆகிறது. 2015-ம் வருஷ மத்தியில் ஒரு பவுனுக்கு 1.40 யூரோ வரை கிடைத்தது. 2016 ஜூன் 23-ந் தேதி, ஐரோப்பிய யூனியனை விட்டு விலகலாம் என்று பிரிட்டிஷ் ஜனங்கள் வோட்டுப் போட்டார்கள். 2017 ஆகஸ்டு கடைசியில் அதே பவுனுக்கு 1.10 யூரோகூடக் கிடைக்கவில்லை. கிழவர்கள் ஒரு தப்பும் செய்யாமலே அவர்கள் பென்ஷனில் ஐந்தில் ஒரு பங்கு கரைந்து போயிற்று!

இதைவிட விநோதமான சங்கதி ஒன்று உண்டு. பிரிட்டனில் சர்க்கார் பென்ஷனை வருஷா வருஷம் உயர்த்துகிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் அந்த உயர்வு கிடைக்குமா என்றால், அது எந்த நாடு என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய யூனியன் நாடுகளிலும் அமெரிக்காவிலும் உயர்வு உண்டு. கானடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து முதலிய நாடுகளில் இல்லை. அங்கே முதல் நாள் என்ன தொகையோ, சாகும் வரைக்கும் அதே தொகைதான். நயாகரா நீர்வீழ்ச்சியின் அமெரிக்கக் கரையில் குடியிருக்கும் பென்ஷன்காரருக்கு உயர்வு கிடைக்கும். எதிரே கானடாக் கரையில் குடியிருப்பவருக்குக் கிடைக்காது. இரண்டு பேரும் ஒரே தொழிற்சாலையில் ஒரே அளவு சந்தா கட்டியவர்களாக இருந்தாலும் சரியே!

இப்படிப் பென்ஷன் உறைந்து போனவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் தென்னாப்பிரிக்காவில் குடியேறிய ஆனெட் கார்ஸன் என்ற அம்மாள் கோர்ட்டு ஏறினார். 2000-ம் வருஷத்தில் வாரத்துக்கு 67.50 பவுனாக ஆரம்பித்த அவருடைய அடிப்படைப் பென்ஷன் அங்கேயே நின்றுவிட்டது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. 2010 மார்ச்சில் 11 நீதிபதிகள் சர்க்கார் பக்கமும், 6 பேர் அம்மாள் பக்கமுமாகத் தீர்ப்பாகி, வழக்குத் தோற்றது.

ஆனால் இந்தப் பென்ஷன்காரர் பிரிட்டனுக்கே திரும்பிக் குடியேறிவிட்டால், பென்ஷன் ஒரே தாவலில் அன்றைய முழுத் தொகைக்கு ஏறிவிடும்! சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தால்கூட, தங்கும் நாட்களுக்கு உயர்ந்த தொகையைக் கேட்டு வாங்கலாம். திரும்பிப் போனதும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். பிரிட்டனில் உழைத்துவிட்டு இந்தியாவுக்கோ இலங்கைக்கோ வந்து குடியேறுகிறவர்களுக்கும் இதே சட்டந்தான் என்பதை நம் நேயர்கள் குறித்துக்கொள்ளலாம்.

வாசலில் நிற்கும் கேள்விகள்

சரி, கிழவி மூட்டை கட்டிவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். சொந்த நாடுதானே, கதவு தானாகத் திறந்துவிடாதா? சில கதவுகள் திறக்கும், சில திறக்கா.

வைத்தியக் கதவு உடனே திறக்கும். குடியிருக்கிறேன் என்று வந்துவிட்ட பிரஜைக்கு முதல் நாளிலிருந்தே அரசாங்க வைத்தியம் இலவசம். இங்கிலாந்தில் பென்ஷன் வயதைத் தாண்டியவர்களுக்குப் பஸ் பிரயாணமும், கூட்ட நேரம் தவிர, இலவசம்.

ஆனால் கையில் பணமில்லாத முதியவர் உதவித்தொகை கேட்டால், "நீங்கள் நிஜமாகவே இங்கே வாழத்தான் வந்திருக்கிறீர்களா?" என்று ஒரு பரீட்சை வைக்கிறார்கள். 1994-ல் வந்த ஏற்பாடு இது. அங்கே வீட்டை விற்றாயிற்றா, சாமான்கள் வந்தாயிற்றா, இங்கே யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் கேள்விகள். தேறுவதற்கு ஒன்றிலிருந்து மூன்று மாதம் வரைக்கும் ஆகலாம். அறுபது வருஷத்துக்கு முன் இதே ஊரில் பிறந்தேன், படித்தேன், வரி கட்டினேன் என்ற பதில் மட்டும் அங்கே செல்லாது! பிறர் கவனிப்புத் தேவைப்படும் முதியோருக்குத் தரும் அலவன்ஸுக்கு, கடந்த 3 வருஷத்தில் 2 வருஷமாவது நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும் என்பது பொது விதி.

அடுத்தது வீடு. 1996-ல் பிரிட்டனில் ஒரு வீட்டின் சராசரி விலை 55 ஆயிரம் பவுன் அளவில் இருந்தது. 2024-ல் அது இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஸ்பெயினிலோ 2008-க்குப் பிறகு வீட்டு விலை பல வருஷம் சரிந்து கிடந்தது. எலுமிச்சை மரத்து வீட்டை விற்ற பணத்தில், தான் விற்றுவிட்டுப் போன வீட்டின் ஒரு அறையைக்கூடக் கிழவியால் வாங்க முடியாமல் போகலாம். முதியோர் விடுதிக்குப் போகலாம் என்றால் அதுவும் இலவசமல்ல. இங்கிலாந்தில் 23,250 பவுனுக்கு மேல் சொத்து இருந்தால், விடுதிச் செலவு முழுவதும் தன் கைப்பணந்தான்.

துணை பிரிட்டிஷ் பிரஜையாக இல்லாவிட்டால் சங்கடம் இரட்டிப்பு. தாய்லாந்துக்காரியை மணந்த கிழவர் மனைவியுடன் ஊர் திரும்ப வேண்டுமென்றால், வருஷ வருமானம் இவ்வளவு என்று காட்ட வேண்டும். 2012-ல் அந்தத் தொகை 18,600 பவுன். 2024 ஏப்ரலில் 29,000 ஆக ஏறிற்று. இல்லையென்றால் 88,500 பவுன் ரொக்கச் சேமிப்பாவது இருக்க வேண்டும். முன்பு ஐரோப்பாவிலிருந்து திரும்புகிறவர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. அதைத் திறந்துவிட்டது யார் தெரியுமா? சுரீந்தர் சிங் என்ற இந்தியர்! ஆங்கிலப் பிரஜையான மனைவியுடன் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய அவர் வழக்கில், ஐரோப்பியக் கோர்ட்டு 1992-ல் சொன்ன தீர்ப்பு எத்தனையோ குடும்பங்களைச் சேர்த்துவைத்தது. பிரிட்டன் யூனியனை விட்டு விலகிய பிறகு, 2022 மார்ச் 29-ந் தேதியோடு அந்த வழி அடைபட்டது.

இத்தனைக்கும் நடுவில் நாய்க்குட்டிக்குத்தான் யோகம்! முன்னெல்லாம் வெளிநாட்டிலிருந்து வரும் நாயை ஆறு மாதம் தனிக் கூண்டில் அடைத்துவைப்பார்கள். 2000-ம் வருஷத்தில் அந்தச் சட்டம் தளர்ந்தது. இப்போது உரிய நாடுகளிலிருந்து வரும் நாய்க்கு ஊசி, தோலுக்கடியில் ஒரு சில்லு, புழு மருந்து, கையில் காகிதம் இவை இருந்தால் போதும், எஜமானியோடு கூடவே இறங்கிவிடலாம். அதற்கு வருமானப் பரீட்சை கிடையாது!

ஊர் எங்கே?

எல்லாக் கதவும் திறந்து உள்ளே வந்தாயிற்று. ஊர் இருக்கிறதா? மூலையில் இருந்த பாங்கு மூடியாயிற்று. தபாலாபீஸ் கடைக்குள் போய்விட்டது. டாக்டரைப் பார்க்கக்கூடக் கைப்பேசியில் எழுதிக் கேட்கச் சொல்கிறார்கள். பழைய சிநேகிதிகளில் பாதிப் பேர் இல்லை. மீதிப் பேருக்கு ஸ்பெயின் கதையைக் கேட்கப் பொறுமை இல்லை. "வெயிலில் இருந்துவிட்டு இங்கே எதற்கு வந்தாய்?" என்கிறார்கள். தனிமை அந்த நாட்டில் எவ்வளவு பெரிய வியாதி என்றால், 2018-ல் அதைக் கவனிப்பதற்கென்றே ஒரு மந்திரியை நியமித்தார்கள்!

"சரி, பிடிக்காவிட்டால் திரும்பிப் போய்விட்டால் ஆயிற்று" என்கிறீர்களா? அதுவும் இப்போது லேசல்ல. 2020 முடிவுக்கு முன்பே ஸ்பெயினில் குடியிருந்து நிரந்தர உரிமை பெற்றவர்கள்கூட, தொடர்ந்து 5 வருஷம் வெளியே இருந்தால் அந்த உரிமையை இழந்துவிடுவார்கள். அதற்குப் பின், விசா இல்லாமல் போனால், 180 நாளில் 90 நாள் தங்கும் விருந்தாளிதான். கணவரின் மாடத்துக்குப் பூ வைக்கப் போகிறவளும் நாளை எண்ணிக்கொண்டுதான் போக வேண்டும்.

திரும்பாமலே இருந்து தாய்நாட்டோடு உறவாடியவர்களும் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் போரிட்ட ஹாரி ஷிண்ட்லர் பிற்பாடு இத்தாலியில் குடியேறினார். 15 வருஷம் வெளியே இருந்தால் வோட்டுரிமை போய்விடும் என்ற சட்டத்தை எதிர்த்துப் பல வருஷம் போராடினார். 2023 பிப்ரவரியில், 101-வது வயதில் இத்தாலியிலேயே காலமானார். அந்த 15 வருஷக் கெடு 2024 ஜனவரியில் நீங்கிற்று. கிழவர் ஒரு வருஷம் முந்திவிட்டார்!

அப்படியானால் திரும்புவதே தப்பா? இல்லை. அவசரத்தில், துக்கத்தில், வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டுத் திரும்புவதுதான் தப்பு. முதலில் ஒரு குளிர்காலம் வாடகைக்கு இருந்து பார்க்க வேண்டும். கோடையில் எந்த ஊரும் அழகாகத்தான் இருக்கும்! டாக்டர், பஸ், கடை மூன்றும் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. மகள் வீட்டுக்குள்ளேயே இருப்பது பற்றி இருவரும் யோசிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் பேச்சைக் கணவனும் மனைவியும் இருவருமாக இருக்கும்போதே பேசிவிட வேண்டும். "நம்மில் ஒருவர் போனால் மற்றவர் எங்கே இருப்பது?" என்பது கசப்பான கேள்விதான். ஆனால் ஒருவர் போன பிறகு அதைத் தனியாகக் கேட்டுக்கொள்வதைவிட, இருவருமாகத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்வது எவ்வளவோ மேல்.