தூக்கத்தில் எழும் வலிப்பும் குழந்தையின் கற்றலும்

நன்றாகப் பேசியும் படித்தும் வந்த குழந்தை, சில மாதங்களில் கற்றதை மறக்கிறது. அழைத்தால் காது கேளாததுபோல் இருக்கிறது. காரணமின்றிச் சினம் கொள்கிறது. இதனைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ முடிவு செய்துவிட வேண்டாம். தூக்கத்தின்போது மூளையில் தொடர்ந்து எழும் வலிப்பு மின்னதிர்வுகளும் இதற்குக் காரணமாகலாம்.

பகலில் கற்றவற்றை மூளை ஆழ்ந்த உறக்கத்தில்தான் பதிய வைக்கிறது. அந்நேரத்தில் மின்னதிர்வுகள் ஓயாது எழுந்தால் அப்பணி தடைப்படும். பெரும்பாலும் 4 முதல் 8 வயதில் தென்படும் இந்நிலை 1971-இல் மருத்துவ உலகில் விவரிக்கப்பட்டது. பேச்சையும் பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனையும் பறிக்கும் வகையை லாண்டாவ், கிளெஃப்னர் ஆகிய இருவரும் 1957-இலேயே பதிவு செய்திருந்தனர். சில குழந்தைகளுக்குக் கை கால் வெட்டி இழுப்பது ஒருமுறைகூட வெளியில் தெரிவதில்லை. நோய் தாமதமாகக் கண்டறியப்பட இது முக்கியக் காரணம்.

விழித்திருக்கும்போது எடுக்கும் இ.இ.ஜி. பரிசோதனை நோயின் முழு அளவைக் காட்டாது. தூக்கத்திலும் பதிவு செய்ய வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முன்தினம் குழந்தையின் தலையை நன்கு அலசி, எண்ணெய் தடவாமல் அழைத்து வாருங்கள். அன்றிரவு எவ்வளவு நேரம் விழித்திருக்கச் செய்ய வேண்டும் என்பதை மருத்துவமனையில் கூறுவர். வழக்கமான மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவை முதலில் அணுகலாம்; தேவையெனில் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் பரிந்துரை பெறலாம்.

கார்பமசிபைன் போன்ற சில வலிப்பு மருந்துகள் இவ்வகை நோயைச் சிலரிடம் மோசமாக்கக்கூடும். ஆகவே, வேறொரு குழந்தைக்கு எழுதித் தந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். ஸ்டீராய்டு மருந்து தரப்பட்டால் அதனைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. வளரிளம் பருவத்தில் மின்னதிர்வுகள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் இழந்த கற்றல் திறன் முழுமையாகத் திரும்பாமல் போகலாம். அதனால்தான் காத்திருக்க வேண்டாம் என்கிறோம். பேச்சுப் பயிற்சியும் உடன் தேவைப்படும்; வகுப்பாசிரியரிடமும் நோயைப் பற்றிக் கூறிவிடுங்கள்.

நம் ஊரில் பௌர்ணமி கிரிவலமும் கார்த்திகை தீபமும் வீடுகளை இரவெல்லாம் விழிக்க வைப்பவை. தூக்கக் குறைவும் தவறவிட்ட மாத்திரையும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. அந்நாட்களிலும் இக்குழந்தையை உரிய நேரத்தில் உறங்கச் செய்யுங்கள். 14 கிலோமீட்டர் சுற்றைப் பகலில் ஒருநாள் அழைத்துச் சென்று முடிக்கலாம்.

வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்போ சாவியோ கொடுப்பதால் பயனில்லை. வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிடங்களைக் கடந்தால் 108-ஐ அழையுங்கள்.