ஜிபி எத்தனை? கைக்கணினியின் உள்நினைவகத்தைத் தேர்ந்தெடுத்தல்

கருவியும் கற்றலும் – 11

கைக்கணினி வாங்குவோர் எடுக்கும் முடிவுகளுள் பின்னர் எவ்வகையிலும் திருத்த முடியாதது உள்நினைவகத்தின் அளவு பற்றிய முடிவே ஆகும். திரை உடைந்தால் மாற்றலாம், மின்கலம் தளர்ந்தால் புதியது பொருத்தலாம். தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்ட நினைவகச் சில்லையோ எந்தக் கடையிலும் பெருக்கித்தர இயலாது. ஆயினும் கடைகளில் இம்முடிவு பெரும்பாலும் விலைப்பட்டியலின் கடைசி வரியைப் பார்த்து ஓரிரு நிமிடங்களில் எடுக்கப்பட்டு விடுகிறது என்பதால், சென்ற இதழில் பேசப்பட்ட திரையளவைவிட இது விரிவான ஆய்வுக்கு உரியது.

தமிழ்நாட்டில் இக்கேள்வி இப்போது வீட்டளவில் நிற்கவில்லை. 2024 ஜூன் மாதத்தில் அரசு மற்றும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளின் ஆசிரியர்கள் 79,723 பேருக்கு 101.48 கோடி ரூபாய் மதிப்பில் கையடக்கக் கணினிகள் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. வகுத்துப் பார்த்தால் கருவி ஒன்றுக்குச் சுமார் 12,700 ரூபாய் வருகிறது. அடுத்த ஆண்டு மார்ச்சில் வந்த 2025–26 நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவித்தது. தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் மதிப்பீடு, வருகைப் பதிவு, 2023-இல் வெளிவந்த 'மணற்கேணி' செயலியின் காணொளிப் பாடங்கள் ஆகியவை எல்லாம் இன்று ஆசிரியரின் கையிலுள்ள திரைக்கு வந்துவிட்ட நிலையில், அக்கருவி எவ்வளவைத் தன்னுள்ளே வைத்துக்கொள்ள வல்லது என்பது வகுப்பறையின் தரத்தைத் தொடும் செய்தியாகி விடுகிறது.

சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில், கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே, கோட்டை அமைந்த குன்றின் அடியில் இருக்கும் தியாகதுருகம் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கப் பொருத்தமான ஊர். கடைவீதியில் அலைக்கற்றை தாராளமாகக் கிடைக்கும் சமவெளிப் பேரூராட்சி அது. ஆனால், அங்கிருந்து கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறினால் அதே மாவட்டத்துக்குள்ளேயே நிலைமை மாறிவிடுகிறது. கைப்பேசிக் கோபுரத்தின் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை ஆதலால், மலைமுகடு ஒன்று குறுக்கே நின்றால் அதற்குப் பின்னால் உள்ள சரிவும் பள்ளத்தாக்கும் நிழலில் விழுகின்றன. கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினரின் குடியிருப்புகள் அத்தகைய மடிப்புகளுக்குள் சிதறிக் கிடக்கின்றன. வளைவின் இப்புறம் காணொளி ஓட, அப்புறம் குறுஞ்செய்தியும் போகாத இடங்களில், 'எல்லாம் இணையத்தில் இருக்கிறது, கருவியில் எதற்கு இடம்?' என்ற நகரத்து வாதம் செல்லுபடியாகாது.

அளவைப் பற்றிப் பேசுமுன் அலகைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. கணினி எதையும் 0 அல்லது 1 என்ற பிட்டுகளாகவே வைத்துக்கொள்கிறது. எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். பத்து லட்சம் பைட்டுகள் ஒரு மெகாபைட், அதாவது எம்பி. நூறு கோடி பைட்டுகள் ஒரு கிகாபைட், அதாவது ஜிபி. 'தியாகதுருகம்' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம். தமிழ்க் கணக்கில் அது ஏழு எழுத்து. ஒருங்குறி முறையில் கொம்பு, கால், சுழி, புள்ளி ஆகியவை தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால் பன்னிரண்டு குறிகளாகிறது. பரவலாகப் புழங்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும் என்பதால் மொத்தம் 36 பைட்டுகள். இவ்வாறு மூன்று லட்சம் எழுத்துகள் கொண்ட ஒரு நாவல் முழுவதும் ஏறத்தாழ ஒன்றரை எம்பி-யில், அதாவது ஒரு ஜிபி-யின் அறுநூறில் ஒரு பங்குக்கும் சற்றே குறைவான இடத்தில், அடங்கிவிடும். வாழ்நாள் முழுவதும் படிக்கப் போதுமான எழுத்து எந்தக் கைக்கணினியையும் நிறைத்துவிடாது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

நிறைப்பது காணொளி. நொடிக்கு ஒன்றரை மெகாபிட் என்ற மிதமான தரத்தில் பதிந்த பாடக் காணொளி மணிக்கு 675 எம்பி பிடிக்கும். கைக்கணினியின் கேமராவிலேயே முழு எச்டி தரத்தில் பதிவுசெய்தால் செலவு பன்மடங்காகிறது: நொடிக்கு 17 மெகாபிட் என்று வைத்துக்கொண்டாலும் நிமிடத்துக்குச் சுமார் 128 எம்பி, ஆண்டுவிழா நிகழ்ச்சி ஒரு மணி நேரம் ஓடினால் ஏழரை ஜிபி-க்கு மேல். குழந்தைகள் வாசிப்பதைப் பதிந்து மாதந்தோறும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசிரியருக்கு, சேமிப்பிடம் கற்பித்தலின் ஒரு பகுதியே ஆகிறது.

இனி, பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணுக்கும் கையில் கிடைக்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி. புதிதாகத் திறந்த 64 ஜிபி ஆண்ட்ராய்டு கருவியில் 'செட்டிங்ஸ்' சென்று 'ஸ்டோரேஜ்' பக்கத்தைத் திறந்தால், ஒரு பாட்டுக்கூட ஏற்றாத நிலையிலேயே ஒரு கணிசமான பகுதி 'சிஸ்டம்' என்ற பெயரில் நிறைந்திருப்பதைக் காணலாம். இயங்குதளம், புதுப்பிப்புகளுக்காக ஒதுக்கிய இடம், நிறுவனம் முன்கூட்டியே ஏற்றிய செயலிகள் ஆகியவை அதில் அடங்கும். கருவிக்குக் கருவி இது மாறும் என்றாலும், கணக்குக்காக 18 ஜிபி என்று கொள்வோம். அன்றாடச் செயலிகளும் அவை சேர்த்துவைக்கும் தரவும் 10 ஜிபி. காலியாக விட்டுவைக்க வேண்டிய பத்தில் ஒரு பங்கு, அதாவது 6 ஜிபி. ஆக, 64-இல் உரியவருக்கு மிஞ்சுவது 30. அதே கழிவுகளை 128 ஜிபி கருவியில் செய்தால், காலியாக விடும் பங்கு 13 ஆக உயர்ந்தாலும், மிஞ்சுவது 87. பெட்டியில் இரட்டிப்பானது, கையில் ஏறத்தாழ மும்மடங்காகிறது. காணொளியாகக் கணக்கிட்டால் 44 மணி நேரம் 129 மணி நேரமாகிறது. இயங்குதளமும் செயலிகளும் பிடிக்கும் இடம் நிலையானது என்ற காரணத்தால் விளையும் இவ்வேறுபாடு விலைப்பட்டியலில் எங்கும் தெரிவதில்லை.

காலியாக விடும் பங்கு ஏன் என்ற கேள்விக்கு விடை சில்லின் அமைப்பில் இருக்கிறது. கைக்கணினியில் இருப்பது, தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஜப்பானியப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகாவின் குழு 1987-இல் உலகுக்கு அறிவித்த 'நேண்ட் ஃபிளாஷ்' வகை நினைவகம். நுண்ணிய அறைகளில் எலெக்ட்ரான்களைச் சிறைப்படுத்தி, மின்சாரம் நின்ற பிறகும் தகவலைக் காப்பது அதன் சிறப்பு. ஆனால், சிறு பக்கங்களாக எழுத வல்ல இச்சில்லு, அழிக்கும்போது மட்டும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு தொகுதியையே முழுதாக அழிக்கும். சிலேட்டில் ஓர் எழுத்தைத் திருத்துவதற்காக மற்றவற்றை வேறொரு சிலேட்டில் பெயர்த்தெழுதிவிட்டு முழுச் சிலேட்டையும் துடைப்பதைப் போன்ற வேலை அது. பெயர்த்தெழுத வெற்றுச் சிலேட்டுகள் நிறைய இருக்கும்வரை இவ்வேலை பின்னணியில் சத்தமின்றி நடந்துவிடும். நினைவகம் விளிம்புவரை நிறைந்துவிட்டால், ஒவ்வொரு எழுத்துக்கும் கருவி காத்திருக்க நேரிடுகிறது. 'டேப் மெதுவாகிவிட்டது, ஹேங் ஆகிறது' என்று கடைக்குக் கொண்டுவரப்படும் கருவிகளில் பலவற்றுக்கு நோய் இதுவே. அழித்தெழுதும் ஒவ்வொரு சுற்றிலும் அறைகள் சிறிது தேய்வதும், ஒரே அறையில் மூன்று அல்லது நான்கு பிட்டுகளைத் திணிக்கும் மலிவு வகைகளில் அத்தேய்வு விரைவதும் உண்மை. சாதாரணப் பயன்பாட்டில் கருவியின் ஆயுளுக்குள் அத்தேய்வு எல்லையை எட்டுவது அரிது என்பதால் அதைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை.

அளவோடு சேர்த்து வகையையும் கேட்க வேண்டும். மலிவுக் கருவிகளில் 'இஎம்எம்சி' என்ற பழைய இணைப்பு முறையும், சற்று மேற்பட்டவற்றில் 'யுஎஃப்எஸ்' என்ற புதிய முறையும் உண்டு. முன்னது ஒரு நேரத்தில் படிக்கவோ எழுதவோ மட்டுமே வல்லது. பின்னது இரண்டையும் ஒருசேரச் செய்யும். 128 ஜிபி யுஎஃப்எஸ் கருவிக்கும் 256 ஜிபி இஎம்எம்சி கருவிக்கும் விலை ஒன்றாக இருந்தால், பள்ளி வேலைக்கு முன்னதே மேல். விற்பனையாளர் '4/64', '6/128' என்று சொல்லும்போது முதல் எண் ரேம், அதாவது செயலிகள் ஓடும்போது தற்காலிகமாகப் பயன்படும் நினைவகம், இரண்டாவதே சேமிப்பிடம். விளம்பரங்களில் '4+4 ஜிபி ரேம்' என்று கூட்டிச் சொல்லப்படுவதில் பின்னுள்ள நான்கு, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கப்படுவது. இடத்தையும் அது குறைக்கும், உண்மையான ரேமின் வேகத்தையும் தராது. 64 ஜிபி கருவியில் அவ்வசதியை அணைத்துவைப்பதே நல்லது.

'மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாமே' என்பது கடையில் தவறாமல் கேட்கும் சொல். அது பாதி உண்மை. பாடக் காணொளி, பாடநூல் பிடிஎஃப், பாட்டு, பழைய நிழற்படம் போன்ற கோப்புகள் கார்டில் நன்றாகவே இருக்கும். கார்டின் விலையும் உள்நினைவகத்தின் விலையைவிடப் பெரிதும் குறைவு. ஆனால், செயலிகளும் அவற்றின் உள்தரவும் பெரும்பாலும் கார்டுக்குப் போகா. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6, கார்டையும் உள்நினைவகத்தோடு ஒன்றாக்கும் வழியைத் தந்தபோதிலும் பல நிறுவனங்கள் அதைத் தம் கருவிகளில் திறந்துவைக்கவில்லை. இணையமின்றிப் பார்க்கச் செயலிக்குள்ளேயே இறக்கிவைக்கும் காணொளிகளைக் கார்டில் வைக்கச் சில செயலிகள் இடம் தரும், பல தருவதில்லை. இந்தியாவில் இந்த உண்மை ஒருமுறை பெரிய அளவில் சோதிக்கப்பட்டது: 2011 அக்டோபர் 5 அன்று மத்திய அரசு வெளியிட்ட 'ஆகாஷ்' கைக்கணினி 256 எம்பி ரேமும் 2 ஜிபி உள்நினைவகமும் கொண்டிருந்தது, 32 ஜிபி வரை கார்டு செருகலாம் என்பது அதன் சிறப்பாகச் சொல்லப்பட்டது. வெளியே எவ்வளவு இடம் சேர்த்தாலும், உள்ளே செயலிகளுக்கு இடமில்லாத கருவி கற்றல் கருவியாக வளர முடியாது. அடுத்த ஆண்டு நவம்பரில் வந்த ஆகாஷ்-2-இல் ரேமும் உள்நினைவகமும் இரட்டிப்பாக்கப்பட்டன.

ஆப்பிளின் ஐபேடுகளில் கார்டு செருகும் வழியே கிடையாது. ஆகவே அங்கு வாங்கும் நாளில் எடுக்கும் முடிவு இன்னும் இறுகியது. 2010-இல் வந்த முதல் ஐபேடு 16, 32, 64 ஜிபி என்ற மூன்று அளவுகளில் விற்றது. 2025-இல் வந்த அடிப்படை ஐபேடு 128-இலிருந்தே தொடங்குகிறது. 15 ஆண்டுகளில் தொடக்க அளவு எட்டு மடங்காகியிருப்பது, செயலிகளும் காணொளியும் எவ்வளவு பருத்திருக்கின்றன என்பதன் அளவுகோல். இந்தியாவில் அது வெளியானபோது 128 ஜிபி 34,900 ரூபாய், 256 ஜிபி 44,900 ரூபாய். அந்தப் பத்தாயிரம் ரூபாய் படம் வரைவோருக்கும் காணொளி தொகுப்போருக்கும் தகும். படிக்கும் மாணவருக்கு எழுதுகோலுக்கும் உறைக்கும் போவதே பயனுள்ளது.

மேகச் சேமிப்பு, அதாவது நிறுவனத்தின் தொலைதூரக் கணினிகளில் கோப்புகளை வைத்துக்கொள்ளும் வசதி, மாற்று வழியாகச் சொல்லப்படுகிறது. கூகுள் கணக்கு ஒன்றுக்கு 15 ஜிபி இலவசம். மின்னஞ்சல், டிரைவ் ஆகியவற்றோடு 2021 ஜூன் முதல் நிழற்படங்களும் அந்தப் பதினைந்துக்குள்ளேயே அடங்க வேண்டும். சமவெளியில் வீட்டு வைஃபை உள்ளவருக்கு அது போதும். நொடிக்கு இரண்டு மெகாபிட் மட்டுமே மேலேறும் இணைப்பில் 10 ஜிபி-யை ஏற்ற, தடங்கலே இல்லாவிட்டாலும், 11 மணி நேரம் பிடிக்கும். மலையில் அத்தனை நேரம் இணைப்பும் மின்சாரமும் சேர்ந்து நிற்பது அரிது. தொலைதூரச் சிற்றூர்கள் 24,680-க்கு நான்காம் தலைமுறைச் சேவை கொண்டுசெல்ல 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திட்டம் போன்றவை இந்நிலையை மாற்றலாம்; எனினும் இன்று வாங்கும் கருவி இன்றைய அலைக்கற்றையோடுதான் வாழ வேண்டும்.

ஆகவே, கீழே தங்கி மலைப்பள்ளிக்குப் போய்வரும் ஆசிரியருக்கும் மலையிலிருந்து இறங்கி விடுதியில் படிக்கும் மாணவருக்கும் 128 ஜிபி உள்நினைவகமும் கார்டு செருகும் இடமும் கொண்ட கருவியே சரியான அளவு. பணம் இடித்தால் திரையிலோ கேமராவிலோ குறைத்துக்கொள்ளலாம், இதில் குறைக்கக் கூடாது. வீட்டை விட்டு நகராத, வைஃபை உள்ள, பெரியவர்கள் செய்தி பார்க்கவும் பேரப்பிள்ளைகளோடு பேசவும் வைத்திருக்கும் கருவிக்கு 64 போதும். கார்டு இடமில்லாத கருவியில் காணொளி பதிந்து தொகுக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் 256 பற்றி யோசிக்கலாம். பள்ளிக்கென மொத்தமாக வாங்குவோர், ஐந்தாண்டு பயன்பாட்டை எதிர்நோக்குவதால், ஒப்பந்த விவரக்குறிப்பில் 'மொத்தக் கொள்ளளவு' என்பதற்குப் பதிலாக 'பயனருக்குக் கிடைக்கும் இடம்' என்று எழுதி, சில்லின் வகையையும் குறிப்பிட்டுக் கேட்பது மக்கள் பணத்துக்குச் செய்யும் நியாயம்.

கார்டு வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. உண்மையில் 16 அல்லது 32 ஜிபி மட்டுமே கொண்டு, 256 என்று கருவியிடம் பொய் சொல்லும் போலிக் கார்டுகள் சந்தையில் உலவுகின்றன. அவை தம் உண்மை அளவைத் தாண்டியதும் பழைய கோப்புகளின்மேலேயே எழுதத் தொடங்கி இரண்டையும் கெடுத்துவிடும். 'ஏ1' அல்லது 'ஏ2' குறியுள்ள கார்டை ரசீதோடு வாங்கி, திருப்பித்தரும் காலம் முடிவதற்குள் பெரிய காணொளிகளால் அதை ஒருமுறை முழுதும் நிரப்பி, முதலில் ஏற்றியதும் கடைசியில் ஏற்றியதும் தடையின்றி ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகே வகுப்பின் பதிவுகளை அதில் வைக்க வேண்டும்.