பாதத்தின் விண்ணப்பம்

ஆனி பிறந்து, மேற்கு மலையின் முகடுகளில் மேகம் கவிந்து, செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று சீறிக்கொண்டு புறப்பட்டுவிட்டால், தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகிற ஐந்தாறு கிலோமீட்டர்ச் சாலை சைக்கிளில் போகிறவனுக்குத் தனியானதோர் ஆனந்தத்தையும் தனியானதொரு சோதனையையும் ஒருங்கே அளிக்கத் தொடங்கிவிடுகிறது. காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாசலில் நிற்பவரின் வேட்டியைப் படபடக்கச் செய்யும் அதே காற்று, மேலகரத்தைத் தாண்டியதும் மார்பில் வந்து மோதுகிறது. முகத்தில் சாரல் தெறிக்கிறது. எதிரே திரிகூட மலையில் பேரருவி வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. கண்ணுக்கும் மனத்துக்கும் இவ்வளவு சுகம் கிடைக்கிற அந்த வேளையில், யாரும் பாராத இடத்தில், சப்பாத்துக்குள் அடைபட்டுக் கிடக்கும் பாதம் மட்டும் வேதனைப்பட்டுக்கொண்டிருக்குமானால், அந்தப் பிரயாணத்தைச் சுகமான பிரயாணம் என்று எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமைதோறும் விடியுமுன் தென்காசியில் புறப்பட்டு, குற்றாலம், ஐந்தருவி, செங்கோட்டை வழியாகப் புளியரையின் எஸ் வளைவில் ஏறி, ஆரியங்காவு வரை சென்று திரும்புவது என் வழக்கம். இரண்டு பருவங்களுக்கு முன்பு, அந்த ஏற்றத்தில் பாதி தூரம் போவதற்குள் இடது பாதத்தின் முன்பகுதியில் ஓர் எரிச்சல் எழும். சற்று நேரத்தில் அது தணல்மேல் மிதித்தாற்போலக் காந்தும். பிறகு மூன்றாம் விரலும் நான்காம் விரலும் மரத்துப்போய், அவை என்னுடையவைதானா என்ற சந்தேகம் வரும். ஒரு நாள் சாலையோரத்து மதகின்மேல் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றி, வாய்க்கால் நீரில் பாதத்தை வைத்தேன். நான்கைந்து நிமிஷங்களில் வேதனை முழுவதும் போய்விட்டது. வியாதியாக இருந்தால் இவ்வளவு சுலபமாகப் போகுமா என்று அன்று எழுந்த கேள்விதான், பெடலைப் பற்றியும் பாதத்தைப் பற்றியும் நான் ஓரளவு கற்றுக்கொள்ளக் காரணமாயிற்று.

நம் ஊர்ச் சாதாரணச் சைக்கிளில், ரப்பர்க் கட்டை பதித்த அகன்ற பெடலின்மேல் காலை வைத்து மிதிக்கிறோம். வாழைத்தார் கட்டிக்கொண்டு போகிறவரும் பால் கொண்டு வருகிறவரும் வெறுங்காலாலோ செருப்புக் காலாலோ எந்த இடத்தில் வைத்து மிதித்தால் சௌகரியமோ அந்த இடத்தில் வைத்து மிதிக்கிறார்கள். ஒரு நாளைக்கு நூறு முறை தம்மை அறியாமலே காலை நகர்த்தி வைத்துக்கொள்கிறார்கள். ரோடு பைக் என்று வழங்கும் பந்தயச் சைக்கிளிலோ அந்தச் சுதந்திரம் இல்லை. சப்பாத்தின் அடியில் கிளீட் என்ற சிறிய தகடு திருகாணிகளால் முடுக்கப்பட்டிருக்கும். அதைப் பெடலின் வாயில் வைத்து அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பினால் விடுபடும். கால் நழுவாமலும் மிதிக்கும் பலம் வீணாகாமலும் இருக்கவே இந்த ஏற்பாடு.

இதற்குக் 'கிளிப்லெஸ்' பெடல் என்று பெயர் வந்தது பலரை மயக்குகிறது. முன்பு பந்தயக்காரர்கள் டோ கிளிப் என்ற கம்பிக் கூட்டுக்குள் காலை நுழைத்து, தோல் வாரால் இறுக்கிக்கொள்வார்கள். அந்தக் கிளிப்பை நீக்கிவிட்டதால் இது கிளிப் இல்லாத பெடல் ஆயிற்று. பனிச்சறுக்குப் பலகையோடு காலணியைப் பூட்டும் கருவிகளைச் செய்துவந்த பிரான்ஸ் நாட்டு லுக் நிறுவனம், அதே தத்துவத்தைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்து 1984இல் இதை வெளியிட்டது. மறு ஆண்டு பெர்னார் ஹினால்ட் அந்தப் பெடலை மிதித்து டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை ஐந்தாம் முறையாக வென்றபின் பழைய கம்பிக் கூடு மெல்ல மெல்ல மறைந்தது. ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் மலைப்பாதைச் சைக்கிளுக்கென்று சிறிய இரும்புக் கிளீட் கொண்ட எஸ்.பி.டி. என்ற முறையை 1990இல் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஸ்பீட்பிளே, பூட்டும் பொறியையே பெடலிலிருந்து எடுத்துச் சப்பாத்தின் அடியில் வைத்துவிட்டது. இப்படிப் பல முறைகள் பெருகியதனால்தான், கால் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னவுடன், "பெடலை மாற்றிப் பாருங்கள்" என்று யோசனை சொல்ல நாலு பேர் முன்வருகிறார்கள். அந்த யோசனையில் உண்மை உண்டு; ஆனால் அது முழு உண்மை அன்று.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. விரல்களுக்குப் பின்னால் ஐந்து நீண்ட எலும்புகள் விசிறியின் குச்சிகளைப்போல விரிந்து நிற்கின்றன; அவற்றின் தலைகள் ஒன்றுகூடும் இடத்தையே முன்பாதத்தின் மேடு என்கிறோம். அந்த எலும்புத் தலைகளின் இடைவெளிகள் வழியாகத்தான் விரல்களுக்குச் செல்லும் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் போகின்றன. சப்பாத்து குறுகலாக இருந்தால் எலும்புகள் பக்கவாட்டில் நெருக்குகின்றன. கிளீட் மிகவும் முன்னால் இருந்தால் மிதியின் பாரமெல்லாம் அந்த மேட்டின்மேலேயே விழுகிறது. இரண்டும் சேர்ந்துவிட்டால் நடுவில் அகப்பட்ட நரம்பு முதலில் எரிகிறது, பின்பு மரத்துப்போகிறது. மூன்றாம் நான்காம் விரல்களுக்கு இடையே இத்தகைய நெருக்கடியால் நரம்பைச் சுற்றித் தடிப்பு உண்டாவதும் உண்டு; அந்த இடத்து வலியை 1876இல் தாமஸ் மார்ட்டன் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

நிமிஷத்துக்கு 90 சுற்று மிதிக்கிறவர் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலாலும் 5,400 முறை மிதிக்கிறார். அத்தனை முறையும் பாரம் ஒரே இடத்தில் விழுகிறது. நம் ஊர் மேல்காற்றுக்கு எதிரே கனமான கியரைப் போட்டுக்கொண்டு அதே வேகத்தை 60 சுற்றில் காக்க முயன்றாலோ, ஒவ்வொரு மிதியின் பலமும் ஒன்றரை மடங்காகிவிடுகிறது. பகல் ஏற ஏற வெப்பத்தால் பாதம் வீங்குவதும் உண்டு. காலையில் பொருந்திய சப்பாத்து பத்து மணிக்கு இறுக்குவது இதனால்தான்.

பாதத்தின் வேதனையைப் பற்றிப் பேசும்போது, தமிழ்நாட்டில் வாழ்ந்த ஒரு மகானை நினைக்காமல் இருக்க முடியாது. கொல்லிமலையில் 1914இல் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்கள் புண்ணாகி அழிவதற்கு நோய் சதையைத் தின்பது காரணம் அன்று, வலி உணர்ச்சி அற்றுப்போவதே காரணம் என்பதைக் கண்டு காட்டினார். நமக்கு ஓரிடத்தில் நொந்தால் உடனே சற்றுச் சாய்ந்து நடக்கிறோம், காலை மாற்றி ஊன்றுகிறோம். வலி தெரியாதவரோ ஒரே இடத்தில் ஆயிரம் முறை ஊன்றி, அந்த இடம் வெந்து புண்ணாகும்வரை நடக்கிறார். பாரத்தைப் பாதம் முழுவதும் பரப்பிவிட வேண்டும் என்ற அந்த ஆராய்ச்சியிலிருந்துதான் மென்மையான நுண்துளை ரப்பரால் ஆன செருப்புகள் அங்கே உருவாயின; இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பின் வரலாறு அதுவே. வலியை ஒரு கொடை என்று மதித்தார் அந்தப் பெரியவர். பெடலோடு பூட்டப்பட்ட கால், சாய்ந்து ஊன்றவும் நகர்ந்து ஊன்றவும் வழியில்லாத கால். வலியை உணர்ந்தும் தன்னைக் காத்துக்கொள்ள அதனால் இயலாது. அதற்காக நாம்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நான் முதலில் வைத்திருந்தது எஸ்.பி.டி. பெடல். கிளீட் சிறியது, சப்பாத்தின் அடி வளையக்கூடியது. ஆகவே கிளீட் இருக்கும் இடம் கூழாங்கல்லைப்போல உள்ளங்காலில் உறுத்தியது. மூன்று திருகாணிகளால் பொருத்தும் அகன்ற கிளீட்டுக்கும், அதற்குரிய விறைப்பான அடி கொண்ட சப்பாத்துக்கும் மாறினேன். உறுத்தல் பாதியாகக் குறைந்தது. பெடலின் பரப்பே இதற்குக் காரணம் என்று அப்போது நினைத்தேன். பாரத்தைப் பரப்புவதில் பெரும்பங்கு சப்பாத்தின் விறைப்பான அடிக்கே உரியது என்று பின்னால் தெரிந்தது. அடி நன்கு விறைப்பாக இருந்தால் பெடல் சிறியதா பெரியதா என்பதைப் பாதம் அதிகமாகப் பொருட்படுத்துவதில்லை.

மீதிப் பாதி வலியின் காரணத்தை ஒரு பழைய செய்தித்தாள் காட்டிக்கொடுத்தது. ஒரு மாலைப் பொழுதில், சைக்கிள் ஓட்டித் திரும்பிய சூட்டோடு, தாளைத் தரையில் விரித்து அதன்மேல் ஏறி நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுத்தேன். பிறகு சப்பாத்துக்குள் இருக்கும் உள்தாளை உருவி அந்தக் கோட்டின்மேல் வைத்தேன். நீளம் சரியாக இருந்தது. சுண்டுவிரல் பக்கத்திலோ என் பாதம் அரை விரற்கடை அளவு வெளியே நின்றது. அந்த அரை விரற்கடையைத்தான் நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உள்ளே திணித்துக்கொண்டிருந்தேன்.

இது என் ஒருவனுடைய சங்கதி அன்று. பெல்ஜியத்து ஆராய்ச்சியாளர்கள் முதலானோர் தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களின் பாதங்களை அளந்து 2009இல் வெளியிட்ட ஆராய்ச்சி, சப்பாத்தணிந்து வளர்ந்த மேல்நாட்டாரின் பாதத்தைவிட அவை முன்பகுதியில் அகன்றவை என்றும், நடக்கும்போது பாரத்தை அதிகச் சமமாகப் பரப்புகிறவை என்றும் காட்டியது. வயல் வரப்பிலும் கோயில் பிராகாரத்திலும் நடந்து விரிந்த நம் பாதத்தை, மேல்நாட்டுக் குறுகலான அச்சில் வார்த்த சப்பாத்துக்குள் அடைத்துவிட்டுப் பெடலைக் குறை சொல்வது நியாயம் ஆகாது. அகன்ற அளவுச் சப்பாத்துகளும் விற்பனைக்கு உண்டு. மாலையில், பாதம் வீங்கியிருக்கும் நேரத்தில், ஓட்டும்போது அணியும் அதே காலுறையோடு அணிந்து பார்த்து வாங்குவதே முறை.

அடுத்தது கிளீட்டின் ஸ்தானம். பெடலின் அச்சு பெருவிரல் மேட்டுக்கு நேர் கீழே வரும்படி வைப்பது பொது வழக்கம். முன்பாதம் எரிகிறவர்கள் அதைச் சில மில்லிமீட்டர் குதிகால் பக்கமாகத் தள்ளினால் எலும்புத் தலைகளின் பாரம் குறைகிறது. தள்ளுமுன் பழைய இடத்தைப் பேனாவால் சுற்றிக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தள்ளலாகாது. கிளீட் பின்னால் போனால் கால் எட்டும் தூரம் குறைவதால் சீட்டையும் சற்று இறக்க வேண்டியிருக்கும். எலும்புத் தலைகளுக்குச் சற்றுப் பின்னால், உள்தாளின் அடியில், சிறிய மெத்தை ஒன்றை ஒட்டி அவற்றை விரித்து வைப்பதும் நல்ல பரிகாரம்.

இவ்வளவும் செய்தபின் பெடல் முறையை மாற்றுவதற்கு உரிய காரணம் ஒன்று மிஞ்சுகிறது: அதுதான் பூட்டிய கால் குதிகால் பக்கம் அசைவதற்குக் கிடைக்கும் இடம். ஃபுளோட் என்று வழங்கும் இந்த அசைவு, லுக் கியோ வகையில் கறுப்புக் கிளீட்டில் இல்லை, சாம்பல் நிறத்தில் 4.5 பாகை, சிவப்பில் 9 பாகை. ஷிமானோவின் ரோடு வகையில் சிவப்பில் இல்லை, நீலத்தில் 2 பாகை, மஞ்சளில் 6 பாகை. ஸ்பீட்பிளேயில் 15 பாகை வரை நாமே அமைத்துக்கொள்ளலாம். ஒரு நிறுவனத்தில் அதிகச் சுதந்திரத்தைக் குறிக்கும் சிவப்பு, மற்றொன்றில் அசைவே இல்லாத பூட்டைக் குறிக்கிறது என்பதைக் கவனியாமல் வாங்கி அவதிப்படுகிறவர்கள் உண்டு. பாதத்தின் வெளி ஓரம் வலிக்கிறது, முழங்கால் முறுக்குகிறது என்கிறவர்களுக்கு அதிக அசைவும், இரு பாதங்களுக்கும் இடையே அகலம் கூடிய நீண்ட அச்சும் நிவாரணம் தரக்கூடும்.

ஆயினும் மாற்றுகிற முறை வாழ்கிற ஊருக்கும் பொருந்த வேண்டும். ஸ்பீட்பிளேயின் பொறி மண்ணையும் மணலையும் பொறுப்பதில்லை. சாரல் காலத்துச் சேற்றில் அதை அடிக்கடி கழுவி எண்ணெய் இட வேண்டும். மூன்று திருகாணிக் கிளீட் சப்பாத்துக்கு வெளியே துருத்தி நிற்பதால், அருவிக்கரையின் ஈரக் கல்லில் அதோடு நடப்பது ஆபத்து. எஸ்.பி.டி. கிளீட்டோ அடியின் பள்ளத்துக்குள் ஒளிந்திருப்பதால் இறங்கி நடக்க உகந்தது. விறைப்பான அடி கொண்ட அகன்ற சப்பாத்தோடு அதைப் பூட்டினால் நீண்ட பிரயாணத்துக்கும் குறையில்லை. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய, பிரவே என்று வழங்கும் நெடுந்தூரப் பிரயாணங்களில் பலர் அதையே விரும்புவது இதனால்தான்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். சைக்கிளை விட்டு இறங்கி, சப்பாத்தைக் கழற்றி, நெடுநேரம் ஆகியும் மரப்பு நீங்கவில்லையென்றால், அல்லது சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைகிறதென்றால், அதைப் பெடலால் வந்தது என்று சமாதானம் செய்துகொள்ளாமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆகவே, பாதம் எரிகிறதென்று புதுப் பெடல் வாங்கக் கிளம்புமுன், முதலில் கியரைக் குறைத்து மிதித்துப் பாருங்கள். அடுத்து, ஒரு செய்தித்தாளும் பென்சிலும் எடுத்து உங்கள் பாதத்தின் உண்மையான வடிவத்தை ஒரு முறை பாருங்கள். பின்பு கிளீட்டைச் சற்றே பின்னுக்குத் தள்ளுங்கள். அதன்பிறகும் வலி நீடித்தால், தயங்காமல் பெடலை மாற்றுங்கள். வலியைப் பொறுத்துக்கொள்வது வீரம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சென்ற சாரல் பருவம் முழுவதும் புளியரை ஏற்றத்தில் ஒரு நாள்கூட நான் அந்த மதகில் இறங்கி உட்காரவில்லை.