மருந்தும் மயக்கமும்: மனவடுச் சிகிச்சையில் கஞ்சா குறித்த கிறித்தவ நிலைப்பாடுகள் – பழனி மலை வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பேரதிர்ச்சியால் விளையும் மனநோய்க்குக் கஞ்சாவை மருந்தாகக் கொள்ளலாமா என்னும் வினாவிற்குக் கிறித்தவ மரபு தரும் விடைகளை இக்கட்டுரை தொகுத்து விளக்குகிறது. கிறித்தவ நிலைப்பாட்டைப் பொதுவாக 'முழு மறுப்பு' எனக் கொள்வது பொருந்தாது என்பதும், திருச்சபைகள் மருந்தையும் மயக்கத்தையும் வேறுபடுத்தியே பேசியுள்ளன என்பதும், மனவடுவைப் பொறுத்தவரை முடிவைத் தருவது மருத்துவச் சான்றே என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கஞ்சா, மனவடு, கிறித்தவ அறவியல், சித்த மருத்துவம், போதைப்பொருள் சட்டம்

முன்னுரை

திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் அமைந்த ஊர் ஆயக்குடி. கொய்யா விளைச்சலுக்குப் பெயர்பெற்ற இவ்வூரைச் சூழ்ந்த பழனி வட்டாரம், போகர் பெயரோடு இணைந்த சித்த மருத்துவ மரபுக்கு உரியது. மலையின் மேற்பகுதியிலுள்ள கொடைக்கானலோ, 1845ஆம் ஆண்டு முதல் அமெரிக்க மதுரை மிஷன் ஊழியர் குடியேறி வளர்த்த ஊர். அங்கு 1895இல் செண்பகனூர் இயேசு சபை இல்லமும் 1901இல் மிஷனரிப் பிள்ளைகளுக்கான பள்ளியும் உருவாயின. ஆக, கஞ்சாவை மருந்துச் சரக்காக அறிந்த ஒரு மரபும், மதுவிலக்கை அறமாகப் போதித்த ஒரு மரபும் ஒரே மலையின் அடியிலும் முடியிலும் நிலவின. இவ்விரண்டையும் ஒருசேர நோக்குவது, இன்றைய விவாதத்தைத் தெளிவுபடுத்த உதவும்.

சித்த மருத்துவமும் சட்டமும்

சித்த மருத்துவத்தில் கஞ்சா, எட்டி, சேங்கொட்டை போன்றவை நச்சுத்தன்மை உடைய சரக்குகளாகக் கருதப்படுகின்றன. இவற்றைச் சுத்தி செய்த பின்னரே, அளவறிந்து பயன்படுத்துதல் மரபு. இந்திய மருந்துகள் மற்றும் அழகுப்பொருட்கள் விதிகளின் நச்சுச்சரக்குப் பட்டியலிலும் சித்த மருத்துவப் பிரிவின்கீழ்க் கஞ்சா இடம்பெறுகிறது.

1985ஆம் ஆண்டின் போதைமருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், பூ, காய் முனைகளையும் பிசினையும் தடைசெய்கிறது. முனைகள் சேராத இலையையும் விதையையும் 'கஞ்சா' என்னும் வரையறையிலிருந்து விலக்குகிறது. மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்கு அச்சட்டத்தின் 8ஆம் பிரிவு விதிகளுக்குட்பட்டு இடமளிக்கிறது. அரசியலமைப்பின் 47ஆம் உறுப்பும் மதுவிலக்கை வலியுறுத்தும்போது மருத்துவப் பயன்பாட்டை விலக்காகவே வைத்துள்ளது. தடை, அதனுள் மருத்துவ விலக்கு என்னும் இவ்வமைப்பு கிறித்தவ அறவியலிலும் காணப்படுவது கருதத்தக்கது.

1893–94 ஆணையமும் கிறித்தவர்களும்

பாப்டிஸ்ட் சபையைச் சார்ந்த மதுவிலக்கு இயக்கத்தவரும் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினருமான வில்லியம் கெயின், 1893 மார்ச்சில் வங்காளக் கஞ்சா குறித்து எழுப்பிய வினாவே இந்தியச் சணல் மருந்துகள் ஆணையம் அமையக் காரணமாயிற்று. மேக்வொர்த் யங் தலைமையில் எழுவர் கொண்ட அவ்வாணையம் 1,193 பேரிடம் சாட்சியம் பெற்றது. கஞ்சா பித்துப்பிடிக்கச் செய்கிறது என்ற பரவலான நம்பிக்கையைச் சோதிக்க, 1892ஆம் ஆண்டில் மனநோய் இல்லங்களில் சேர்க்கப்பட்ட 1,344 பேரின் நிலையை ஆராய்ந்தது. அவர்களுள் 98 பேருக்கு மட்டுமே, அதாவது 7.3 விழுக்காட்டினருக்கே, கஞ்சாவை ஒரு காரணமாகக் கொள்ள இயலும் எனக் கண்டது. மிதமான பயன்பாடு பெருந்தீங்கு விளைப்பதில்லை எனவும், முழுத்தடை தேவையில்லை எனவும் அறிக்கை முடிவு செய்தது.

ஆணைய உறுப்பினருள் ஒருவரான கபுர்தலா அரச குடும்பத்து ஹர்நாம் சிங், கிறித்தவத்தைத் தழுவியவர். விடுதலை இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌரின் தந்தை. அறிக்கைக்கு மாற்றுக் குறிப்பு எழுதிய சோஷி சிகரேஸ்வர் ராய், நிகால் சந்த் ஆகிய இருவரும் கிறித்தவர் அல்லர். எனவே தடையைக் கோரியோர் கிறித்தவர், எதிர்த்தோர் பிறர் என்னும் எளிய பிரிப்பு வரலாற்றுக்குப் பொருந்தவில்லை.

திருமறையும் திருச்சபைகளும்

திருமறையில் கஞ்சாவைப் பற்றித் தெளிவான விதி எதுவும் இல்லை. எனவே விவாதம் ஒப்புமைகளைச் சார்ந்தே நிகழ்கிறது. உடலை ஆலயமாகக் காணும் பவுலின் கருத்தும் தெளிந்த புத்தியைக் குறித்த அறிவுரைகளும் மறுப்போர்க்குத் துணை. தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்குச் சிறிதளவு திராட்சரசத்தைப் பவுல் பரிந்துரைத்ததும், நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததும் ஏற்போர்க்குத் துணை. கலாத்தியர் நிருபத்தின் 'பார்மக்கேயா' என்னும் கிரேக்கச் சொல்லைப் போதைப்பொருளோடு இணைத்து வாதிடுவோர் மேலைநாட்டில் உளர். ஆயின் தமிழ்த் திருமறையில் அச்சொல் 'பில்லிசூனியம்' எனப் பெயர்க்கப்பட்டமையால், தமிழ் வாசகர்க்கு அவ்வாதம் இயல்பாக எழுவதில்லை.

கத்தோலிக்க மறைக்கல்வி நூல் (1992), கண்டிப்பான சிகிச்சைக் காரணம் இன்றிப் போதைப்பொருளைப் பயன்படுத்துவதைப் பெருங்குற்றமாகக் கொள்கிறது. 2014இல் திருத்தந்தை பிரான்சிஸ், பொழுதுபோக்குப் போதைப்பொருள்களைச் சட்டப்பூர்வமாக்குவதை எதிர்த்தார். அமெரிக்க எபிஸ்கோப்பல் திருச்சபை 1982இலும் அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் திருச்சபை 2006இலும், மருத்துவர் வழிப்பட்ட பயன்பாட்டை ஆதரித்துத் தீர்மானித்தன. கடுமையில் வேறுபட்டாலும் இம்மூன்றும் நோக்கத்தையும் மருத்துவப் பொறுப்பையும் அளவுகோலாகக் கொள்வதில் ஒன்றுபடுகின்றன.

மருத்துவச் சான்றின் நிலை

'சிகிச்சைக் காரணம்' உண்டா என்பதே அவ்வாறாயின் அடுத்த வினா. 2017ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேசிய அகாதமிகளின் அறிக்கை, நாட்பட்ட வலிக்கும் புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் வாந்திக்கும் கஞ்சாப் பொருட்கள் பயன் தருவதற்கு வலுவான சான்று உண்டு என்றது; அதே அறிக்கை கஞ்சாப் பயன்பாட்டிற்கும் மனச்சிதைவு நோய்க்கும் உள்ள தொடர்பையும் உறுதிப்படுத்தியது. போரில் பணியாற்றிய 80 பேரிடம் நிகழ்த்திய சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வு 2021இல் வெளியானது. அதில் புகைக்கப்பட்ட கஞ்சா, மனவடு அறிகுறிகளைக் குறைப்பதில் போலி மருந்தை விஞ்சவில்லை. அமெரிக்கப் படைத்துறையின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல், மனவடுவிற்குக் கஞ்சா வேண்டாம் என்கிறது.

எனவே, சிகிச்சை விலக்கை ஏற்கும் கிறித்தவர்கூட, மனவடுவிற்குக் கஞ்சாவைப் பரிந்துரைக்க இன்று போதிய அடிப்படை இல்லை. இம்மறுப்பு சான்றின் குறைவால் எழுவது. சான்று மாறின் அறவியல் முடிவும் மாறலாம். கஞ்சா இயல்பிலேயே பாவப்பொருள் என்னும் கூற்றிலிருந்து இது வேறுபட்டது.

ஆன்மிகப் பணியின் பொறுப்பு

இவ்வேறுபாடு வெறும் கோட்பாட்டு நுணுக்கம் அன்று. ஈழப்போரின் மனவடுக்களைச் சுமந்தோர் தமிழக மறுவாழ்வு முகாம்களில் வாழ்கின்றனர்; வன்முறை, விபத்து, இழப்பு ஆகியவற்றால் உறக்கம் இழந்தோர் எல்லா ஊர்களிலும் உளர். அவருள் ஒருவர் தாமாகவே கஞ்சாவை நாடி, அதனை ஓர் ஆயரிடம் வெளிப்படுத்துவாராயின், அவர் பெறும் முதல் மறுமொழியே பெரிதும் அவர் மருத்துவரிடம் செல்வதையோ மறைந்து போவதையோ தீர்மானிக்கும். பாவம் என்று மட்டும் கூறுவது போதைக்கு அடியிலுள்ள நோயைக் காணத் தவறுகிறது. 2017ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டமும் போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளை மனநோய் என்னும் வரையறையில் சேர்த்து, சிகிச்சையை உரிமையாக்கியுள்ளது.

இதற்குத் தமிழகக் கிறித்தவத்திலேயே முன்மாதிரி உண்டு. 1960இல் கொடைக்கானலில் மறைந்த ஐடா ஸ்கடர் நிறுவிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, 1957இல் தொடங்கிய மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கச்செய்து, சிகிச்சையில் பங்கேற்கச் செய்தது. நோயாளியை ஒதுக்காத அம்முறை, ஒழுக்கத் தீர்ப்பைக் காட்டிலும் பராமரிப்பை முன்னிறுத்தியது.

முடிவுரை

சித்த மரபு, இந்தியச் சட்டம், கிறித்தவ அறவியல் ஆகிய மூன்றும் மருந்தையும் மயக்கத்தையும் பிரித்தே நோக்குகின்றன. மனவடுவிற்குக் கஞ்சா பயன்படும் என்பதற்குரிய சான்று இன்று போதாது. ஆகவே பரிந்துரையை மறுப்பதும், பயன்படுத்தியவரை மறுக்காதிருப்பதும் ஒருங்கே இயலும். கிறித்தவ மரபின் உள்ளிருந்தே இவ்விரண்டிற்கும் நியாயம் பெறலாம். பழனி மலை வட்டாரத்தில் சித்த மருத்துவரும் திருச்சபைப் பணியாளரும் உளமருத்துவரும் இவ்வினா குறித்துக் கொண்டுள்ள கருத்துகளைக் களஆய்வின்வழித் தொகுப்பது, இத்துறையில் அடுத்து நிகழவேண்டிய பணியாகும்.